காஞ்சிபுரத்தில் ஒரு குளத்துத் தண்ணீரைக் கையில் பிடித்தோம்

காஞ்சிபுரம் போய்வந்து எழுதுகிறவர்கள் ஒன்று பட்டுப்புடவை விலையை எழுதுவார்கள், இல்லையென்றால் கோபுரத்தின் உயரத்தை எழுதுவார்கள். அவை வேண்டுமென்றால் வேறு பதிவுகள் நிறைய இருக்கின்றன, தாராளமாகப் போய்ப் படியுங்கள். நான் எழுதப்போவது தண்ணீர் இல்லாத ஒரு குளத்தைப் பற்றி. எழுதும்போது கொஞ்சம் தலைக்கனம் எட்டிப் பார்க்கும். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், ஏனென்றால் இதைச் செய்தது எங்கள் அக்கா.

அக்கா பெயர் தேன்மொழி. காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஓவிய ஆசிரியை என்றால் நம் ஊரில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து அவள் வகுப்பைப் பிடுங்கிக்கொள்வார். இந்த வருஷம், 2007 மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி வாடா. கேமரா எடுத்துக்கினு வா. வழக்கமா வர மாதிரி சாப்பிட்டுத் தூங்க வராதே."

விஷயம் இதுதான். அவள் குடியிருக்கும் நெசவாளர் தெருக்கோடியில் ஒரு பழைய சிவன் கோயில், சின்னது. அதற்கு முன்னால் கல் படிக்கட்டோடு ஒரு குளம். எந்த ராஜா கட்டியது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள், ஆனால் கல்லைப் பார்த்தால் எந்த ராஜாவைச் சொன்னாலும் நம்பும்படிதான் இருக்கிறது. குளம் வறண்டு பல வருஷமாயிற்று. தெருவின் குப்பை முழுக்க அதற்குள்தான். தை மாதத்திலிருந்து வடக்கு மூலையில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். குளத்தைத் தூர்த்துவிட்டு, பட்டு வாங்க வரும் வேன்களை நிறுத்த இடம் பண்ணுவதாகத் திட்டம்.

அக்காவும் தெருக்காரர்களும் போய்க் கேட்டிருக்கிறார்கள். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. அவர் சொன்னது இது: "யாரும் புழங்காத குளம்தானேம்மா? ஜனங்களுக்கு அக்கறை இருக்குதுன்னா காட்டுங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து பாக்கறேன். ஒண்ணும் இல்லன்னா திங்கக்கிழமை மிச்ச லோடையும் அடிச்சிடுவாங்க." ஆக, ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் குளம் பிழைக்க வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை மண்ணுக்குள் போகும்.

பூந்தமல்லியில் மாலை நாலு மணிக்குப் பேருந்து ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாக ஒன்றரை மணி நேரம் என்று நடத்துனர் சொன்னார், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடதுபக்கம் உட்காராதீர்கள், மேற்கே போகும் வண்டியில் சாயங்கால வெயில் சுற்றிச் சுற்றி முகத்தில்தான் விழும் என்று எழுதலாமென நினைத்தேன். வலதுபக்கம் உட்கார்ந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய், சுமார் இரண்டு கிலோமீட்டர். ஓட்டியவர் பெயர் சலீம். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். கோயில் குளம் என்றேன்.

"குளமா? குப்பைமேடுன்னு சொல்லுங்க சார், வண்டி தானா போவும்" என்று சிரித்தார். "ஒரு டீச்சரம்மா அதுல என்னமோ பண்ணிக்கினு இருக்காங்க. பிளாஸ்டிக் பையை எல்லாம் பொறுக்கிக் கழுவிக் காயப்போட்டுக்கினு. எதுக்கு சார் அது?"

எனக்கே தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளாமல், "நாளைக்கு வந்து பாருங்க" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்குள் போனால் கூடம் முழுக்க நீலமும் வெள்ளையும் பச்சையுமாகக் கயிற்றுச் சுருள்கள். அக்கா விளக்கினாள். குளத்துக்குள் கிடந்த கேரி பேக்குகள், பால் கவர்கள் எல்லாவற்றையும் தெருவே சேர்ந்து பொறுக்கியது. கழுவி, நீளநீளமாக நறுக்கி, நூல் முறுக்கும் ராட்டையிலேயே போட்டு முறுக்கிவிட்டார்கள். அப்படி நூற்றிருபது இழை. குளத்தின் படிகளில் ஒரு கறுத்த பாசிக்கோடு இருக்கிறது, ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற மட்டம் அது. அந்த மட்டத்தில், கிழக்குப் படிக்கட்டிலிருந்து மேற்குப் படிக்கட்டுக்கு இந்த இழைகளை நெருக்கமாக இழுத்துக் கட்டிவிட்டால், தண்ணீர் எதுவரை இருந்தது என்று பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியும். எந்தக் குப்பை குளத்தைக் கொன்றதோ அதே குப்பையால் செய்த தண்ணீர். "வாயால சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம்டா. கண்ணால பாக்கட்டும்" என்றாள். சின்ன வயதில் சுவரெல்லாம் கரிக்கட்டையால் கிறுக்கி அடி வாங்கியவள்தான் இவள். எனக்கு அப்போதே பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் தம்பி என்கிற முறையில் வெளியே காட்டவில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் கறாராக வைத்திருந்தாள். கல்லில் ஆணி அடிக்கக் கூடாது, சிமெண்ட் கூடாது, பெயிண்ட் கூடாது. எடுத்துவிட்டால் எதுவும் நடந்த தடமே இருக்கக் கூடாது. அதனால் இரண்டு பக்கப் படியிலும் மூங்கில் வைத்து, மணல் மூட்டைகளால் அந்த மூங்கில்களை அழுத்தி வைப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே தெரு எழுந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் தங்குகிறவர்கள் ஒரு நாளாவது இந்த நேரத்தில் நெசவாளர் தெருக்களில் நடந்து பாருங்கள். பாவு போடுவது என்று ஒரு வேலை நடக்கும். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தெரு நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை எடுத்து முடிச்சுப் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அன்று அதே வேலை, அதே ஆட்கள், தெருவுக்குப் பதில் குளம். முன்னின்று நடத்தியவர் ஏகாம்பரம், பாவு போடுவதில் அந்தத் தெருவில் பெரிய கை. சத்தம் போட்டே வேலை வாங்குவார்.

"கொஞ்சம் தளர விடு, தளர விடு! ரொம்ப இழுக்காதே. வெயில் பட்டா தானா விறைச்சிக்கும்."

ஆறரை மணிக்கு முடிந்துவிட்டது. நான் மேல்படியில் நின்று பார்த்தேன். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, அறுபது அடி அகலத்துக்கு, நீலமும் வெள்ளையுமாக ஒரு பரப்பு. அதற்குக் கீழே ஆறேழு படிகள். இவ்வளவு ஆழத் தண்ணீர் இங்கே இருந்ததா என்று படிகளை மறுபடி எண்ணினேன். முப்பது படமாவது எடுத்திருப்பேன். ஏகாம்பரம் மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் இட்லி சாப்பிடப் போனோம்.

இங்கேதான் கதை. பட்டில் கஞ்சி காயக் காய இழை விறைத்துக்கொள்ளும். அதனால் பாவு கட்டும்போது கொஞ்சம் தளர்ச்சி விடுவது அந்தத் தெருவில் பிறந்த எல்லோருக்கும் கையோடு வந்த பழக்கம். இதில் கஞ்சி ஏது? முழுக்கப் பிளாஸ்டிக். வெயில் பட்டால் நெகிழும். வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் தெரியாத்தனமாக இழுத்து முறுக்கிக் கட்டியிருப்பார்கள். இவர்கள் தொழில் தெரிந்ததால் தளர்த்திக் கட்டினார்கள்.

பத்தரை மணிக்கு நடுவில் தொய்ய ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு எங்கள் தண்ணீர் மொத்தமும் குளத்தின் அடியில், காய்ந்த சேற்றுக் கட்டிமேல் படுத்துக் கிடந்தது. காயப்போட்ட துணி கொடியோடு விழுந்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ஏகாம்பரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னாம்மா இது! பட்டுன்னா இப்டிப் பண்ணாது!"

இழுத்துக் கட்டிப் பார்த்தோம். ஒரு பக்கம் இழுத்தால் அடுத்த பக்க மணல் மூட்டை மூங்கிலோடு சறுக்கிக் கீழ்ப்படிக்கு வந்தது. மூட்டைமேல் மூட்டை வைத்தோம். நிற்பது போல நின்று, மறுபடி வெயிலில் நெகிழ்ந்து தொங்கியது. மணி இரண்டரை. ஏகாம்பரம் வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியும் இரும்பு முளைகளும் கொண்டுவந்தார். தெருவில் பாவு கட்டும்போது முளை அடித்துத்தான் கட்டுவார்கள்.

"கல்லு சந்துல பக்கத்துக்கு நாலு முளை இறக்கிடறேன்மா. அசையாம நிக்கும். வேற வழி இல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. முளை அடித்தால் நின்றிருக்கும். தெருவே அக்காவைப் பார்த்தது. நான்கூட மனதுக்குள், நாலு முளைதானே, அடித்துவிடட்டுமே என்றுதான் நினைத்தேன். குளமே போகப்போகிறது, கல் என்ன கல்.

அக்கா கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் தடுமாறவில்லை. "வேணாம்ணா. இத்தன வருஷம் யாரும் உடைக்காத கல்லு. காப்பாத்தறேன்னு வந்து நாம உடைச்சா, லாரிக்காரனுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்? போனா போவட்டும். கல்லு மேல கை வைக்காதீங்க."

ஏகாம்பரம் சம்மட்டியைக் கீழே வைத்தார். அடுத்த வீட்டுக் குமாரி மட்டும் எழுந்தாள். குமாரியும் தறி போடுகிறவள்தான், வாய்த்துடுக்குக்குத் தெருவில் பேர் பெற்றவள். படி இறங்கிப் போய், சேற்றில் கிடந்த இழைகளில் இரண்டை மூங்கிலிலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்தாள்.

"பாவுல இழை அறுந்துபோனா இன்னா பண்றோம்? முடிச்சு போடற வரைக்கும் கையில பிடிச்சிக்கினுதானே நிக்கிறோம்? முளை இல்லன்னா கை இல்லியா? வந்து பிடிங்கபா. ஆளுக்கு ரெண்டு இழை."

எதிர்ப்பக்கப் படியில் ஏகாம்பரம் போய் அதே இரண்டு இழைகளின் மறுமுனையை அவிழ்த்து எடுத்தார். இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். நூற்றிருபதில் இரண்டு இழை மட்டும் சேற்றிலிருந்து கிளம்பி, அந்தரத்தில், பாசிக்கோட்டுக்கு நேராக வந்து நின்றது.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தறியை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள், சோறு பாதியில் கையைக் கழுவிவிட்டு வந்தவர்கள், கோயில் குருக்கள், இஸ்திரிக் கடைக்காரர், அக்காவிடம் படித்த பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள். கல் சுட்டது. செருப்போடு படியில் நிற்கக் கூடாது என்று ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் நின்றார்கள். பக்கத்துக்கு அறுபது பேர் வேண்டும். நாலு மணிக்கு இன்னும் சில பேர் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து சலீம் ஆட்டோவை நிறுத்தினார்.

"இன்னா சார், நாளைக்கு வந்து பாருன்னு சொன்னீங்களே, வந்துட்டேன்" என்றவர் குளத்தைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார். பிறகு வண்டிக்குள் திரும்பி, "இறங்குங்க எல்லாரும். காசு வேணாம். போய் ஆளுக்கு ரெண்டு கயிறு பிடிங்க" என்றார். இறங்கினார்கள்! ஏழு பேர், ஒருவருக்கும் என்ன ஏது என்று தெரியாது. கைலாசநாதர் கோயிலுக்குப் போக ஏறின கரூர்க் குடும்பம் ஒன்றும் அதில் சேர்த்தி.

கடைசியில் தெற்கு ஓரத்தில் இரண்டே இழை தொங்கிக்கொண்டிருந்தது. நான் மேல்படியில் நின்று, எல்லோரும் ஒரே சட்டகத்தில் வருகிற மாதிரி கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அப்படி ஒரு படம் கிடைக்காது. கீழேயிருந்து அக்கா குரல் வந்தது.

"டேய், கேமராவைக் கீழ வை."

வைத்தேன்.

அதிகாரி நாலே முக்காலுக்குத்தான் வந்தார். அதுவரை யாரும் விடவில்லை. கைமாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை, இரண்டு கையிலும் இழை. பள்ளிக்கூடப் பெண்கள் சொம்போடு சுற்றிவந்து மோரை அண்ணாந்த வாயில் ஊற்றிவிட்டுப் போனார்கள். மேற்கிலிருந்து காற்று வர ஆரம்பித்ததும் ஒன்று நடந்தது. காலையில் மூங்கிலில் கட்டியிருந்தபோது அந்தப் பரப்பு அசையாமல் கொடிக்கயிறு மாதிரி நின்றது. இப்போது நூற்றிருபது பேர் கையில் இருந்ததால், ஒருவர் மூச்சு வாங்கினால்கூட ஒரு இழை தாழ்ந்து எழும்பியது. அது பக்கத்து இழைக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்குப் போய், குளம் முழுக்க அலை அடித்தது. நீல அலை, நடுநடுவே பால் கவரின் வெள்ளை. என் எதிரே நின்ற கரூர் அம்மாள், "ஐயோ, தண்ணிங்க" என்றார்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி மேல்படியில் நின்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, அருகில் இருந்த குமாரியிடம் கேட்டார். "இதை விட்டுட்டா என்ன ஆகும்மா?"

"விட்டா கீழ போயிடும் சார். முன்னாடி அப்டித்தான் விட்டுட்டோம். அதான் இப்ப விடாம நிக்கிறோம்."

"எவ்ளோ நேரம் இப்படியே பிடிச்சிக்கினு நிப்பீங்க?"

"லாரி வராதுன்னு நீங்க சொல்ற வரைக்கும் சார்" என்றாள் குமாரி. எந்த ரோஷமும் இல்லாமல், கடையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. திங்கக்கிழமை லாரி வராது."

எதிர்க்கரையிலிருந்து ஏகாம்பரம் கத்தினார். "செவ்வாக்கிழமை சார்?"

குளமே சிரித்தது. அலை தாறுமாறாக ஆடியது. அவரும் சிரித்துவிட்டார். "செவ்வாக்கிழமையும் வராது. நான் இருக்கற வரைக்கும் வராதுபா. கையை விடுங்க முதல்ல."

ஆனால் யாரும் சட்டென்று விடவில்லை. அக்கா சொல்லச் சொல்ல, பாவு சுருட்டுகிற மாதிரியே ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். படியில் ஒரு கீறல் இல்லை. என் உள்ளங்கையில் இரண்டு கோடு பதிந்து, ஒரு வாரம் இருந்தது. அலுவலகத்தில் யாராவது கேட்க மாட்டார்களா என்று கையை விரித்து விரித்து வைத்துக்கொண்டேன். கேட்ட எல்லோருக்கும் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பேருந்து நிலையத்தில் கைலாசநாதர் கோயில் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி, பிள்ளையார்பாளையத்தில் இறங்கி, கோயில் குளம் என்று கேளுங்கள். இப்போது யாரும் குப்பைமேடு என்று சொல்ல மாட்டார்கள். காலையில் சீக்கிரம் போனால் தெருவில் பாவு போடுவதையும் பார்க்கலாம், இழைக்குக் குறுக்கே மட்டும் நடக்காதீர்கள், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும், அந்த நேரத்தில் வெயிலில் சுற்றாமல் ஒரு நன்னாரி சர்பத் குடித்துவிட்டு ஓய்வெடுங்கள். படியில் இறங்கும்போது செருப்பைக் கழற்றுங்கள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், குமாரி வீடு குளத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

இதை எழுதும்போது ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கிறது. லாரி இதுவரை வரவில்லை. வடக்கு மூலையில் கொட்டிய இடிபாட்டைத் தெருக்காரர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் அள்ளி முடித்துவிட்டார்கள். நேற்று அக்கா போன் செய்தாள். குளத்தில் நிஜத் தண்ணீர் இரண்டு படி ஏறியிருக்கிறதாம். பாசிக்கோட்டுக்கு இன்னும் நாலைந்து படி பாக்கி. ஏகாம்பரம் தினமும் போய்ப் பார்த்துவிட்டு, "தளர விட்டா போதும், தானா ஏறும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பிளாஸ்டிக் பாவை அக்கா வீட்டுப் பரணில் பத்திரமாகச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், மறுபடி யாருக்காவது காட்ட வேண்டி வந்தால் என்று.

கீழே படங்கள் போட்டிருக்கிறேன். காலை ஆறரை மணிக்குக் கட்டியது இருக்கிறது, மதியம் சேற்றில் விழுந்து கிடந்தது இருக்கிறது, துண்டைத் தலையில் போட்ட ஏகாம்பரமும் இருக்கிறார். நாலே முக்கால் மணிப் படம் எங்கே என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். அது இல்லை. அந்த நேரத்தில் என் இரண்டு கையிலும் தண்ணீர் இருந்தது.